அந்தப் பதினாறு கிலோமீற்றர்

மொன்றியலுக்கு வந்து நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வந்திறங்கியபோது ஆங்கிலமும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. டோர்வல் விமான நிலையத்தில் தரை துடைக்கப் போனேன். ஏழு வருடம் கழித்து அதே மாதிரித் தரைகளுக்கு ஆட்களை அனுப்பும் கம்பனி ஒன்று என்னுடையதாக இருந்தது. பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியபோது பேஸ்மன்ட்டில் முழங்கால் மட்டும் தண்ணீர் நின்றது. வாங்காதே என்று சொல்லாதவர் இல்லை. தண்ணீரை இறைத்து, தரையை உடைத்து, குழாய் புதைத்து, கொங்கிறீற் போட்டு, இரண்டு அறையும் ஒரு குளியலறையும் கட்டினேன். பார்க்க வந்த நகரசபை ஆள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டான். நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். பின்வளவில் நான் அடித்த மரத்தளம் இருபத்திரண்டு பனிக்காலம் கண்டும் ஒரு பலகை நெளியவில்லை.

எல்லாவற்றுக்கும் முதல் நான் கட்டியது ஒரு சைக்கிள். குப்பைக்கு வைத்த மூன்று சைக்கிள்களைக் கழற்றி ஒன்றாகப் பூட்டினேன். பழைய ரயருக்குள் இருந்து வெளியே நூற்றுக்கு மேல் சிறிய திருகாணிகளை இறக்கி, அதில் இரண்டு பனிக்காலம் வேலைக்குப் போனேன். ஐஸில் கார்கள் சறுக்கிக்கொண்டு நிற்கும். நான் கரகரவென்று கடந்து போவேன்.

என் கையால் செய்தது எதையும் இன்னொருவர் பெயரில் நான் பார்த்ததில்லை. போன இலையுதிர் காலத்தில்தான் முதன்முறையாகப் பார்த்தேன். அதுவும் என் வீட்டு வரவேற்பறை மேசையில்.

மகள் செய்த படப்புத்தகம் அது. கோடையில் நாங்கள் நால்வரும் பிரான்சுக்குப் போய், கால்வாய்க் கரையோரம் ஆறு நாள் திரிந்தோம். நால்வர் என்றால் நான், மனைவி, மகள், மருமகன். மகள் இங்கேயே பிறந்தவள். மருமகன் கோயம்புத்தூர்ப் பிள்ளை, இங்கே படிக்க வந்து கணினி வேலையில் இருப்பவர். படங்களைக் கணினியில் அடுக்கி, கெட்டி அட்டை போட்டு அச்சடித்து எடுத்திருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணி குடிக்கிறார்களோ இல்லையோ, அந்தப் புத்தகத்தைப் புரட்டாமல் போவதில்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படம், ஒரு வரைபடம், அன்றைக்கு ஓடிய தூரம். எழுத்தெல்லாம் பிரெஞ்சு. என் பிரெஞ்சு தரை துடைத்துப் படித்த பிரெஞ்சு. ஈரமாக இருக்கிறது, கவனம் என்று நன்றாகச் சொல்வேன். புத்தகம் வாசிக்க அது போதாது. ஆனால் இலக்கம் எந்த மொழியிலும் இலக்கம்தான். நாலாம் நாளுக்கு நேரே நாற்பத்தொன்று என்று இருந்தது. அதன் பக்கத்தில் மகளின் பெயர்.

அன்று தனியாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மருமகனைக் கூப்பிட்டேன். "தம்பி, இதுக்குக் கீழை என்ன எழுதியிருக்கு?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "அப்பாவும் அம்மாவும் வேன்ல பின்னாடியே வந்தாங்கன்னு இருக்குங்க மாமா."

"நாலாம் நாளுமோ?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி குசினிக்குள் போய்விட்டாள்.

நாலாம் நாள் என்ன நடந்தது என்பதை நானே எழுதிவிடுகிறேன்.

பயணம் மருமகனின் யோசனை. அவர் வார இறுதியில் இங்குள்ள லஷீன் கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓடுகிறவர். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பும், குண்டாஞ்சட்டி மாதிரி ஒரு தொப்பியும் வைத்திருக்கிறார். பிரான்சின் நடுவே, பூர்கோன் நாட்டுப்புறத்தில், இருநூறு வருடப் பழைய கால்வாய் ஒன்று போகிறதாம். முன்பு குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரையில் இப்போது சைக்கிள் விடுகிறார்களாம். கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருந்துக் கடைக்குப் போகிற சாட்டில் கராஜுக்குள் போய் என் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்தேன்.

மகள் கண்டுவிட்டாள். "அப்பா, நீங்கள் வான் ஓடுங்கோ. சாமான் கொண்டுவர ஆரும் வேணும்தானே."

"அப்ப நானும் ஒரு சாமானோ?"

மனைவி இடையில் வந்தாள். "சும்மா நெடுகக் கதைக்காதேங்கோ. நெஞ்சுக்குள்ளை கம்பி வைச்சு ரெண்டு வருஷமாகேல்லை. உங்களுக்குச் சைக்கிள் கேக்குதோ?"

"அது கம்பி இல்லையப்பா, ரத்தம் ஓட வைச்ச குழாய்," என்றேன்.

"குழாயெண்டால் சைக்கிள் ஓடலாமோ?"

டொக்ரர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நட, தட்டையான இடத்தில் சைக்கிளும் ஓடு, மேட்டில் ஏறாதே என்றார். கால்வாய் என்றால் தட்டைதானே. "தண்ணி மேட்டிலை ஏறுமோ?" என்று கேட்டேன்.

"ஏறுங்க மாமா," என்றார் மருமகன். "அதுக்குத்தான் லாக் வெச்சிருக்காங்க."

படித்த பிள்ளை பகிடி விடுகிறார் என்று சிரித்தேன். தண்ணீர் ஏறத்தான் செய்கிறது. கால்வாயை மறித்து, முன்னும் பின்னும் கனத்த கதவு போட்ட தொட்டிகள். படகு உள்ளே போனதும் பின்கதவை மூடித் தண்ணீரை விடுவார்கள். படகு தண்ணீரோடு மேலே எழும்பும். முன்கதவைத் திறந்தால் ஒரு படி ஏறிய மாதிரி அடுத்த கால்வாய். அங்கே அதை எக்லூஸ் என்கிறார்கள். நான் மதகு என்றே சொல்வேன். ஒவ்வொரு மதகுக்கும் பக்கத்தில் கரைப்பாதையும் ஒரு சிறிய ஏற்றம் ஏறும். இதெல்லாம் போய்ப் பார்த்த பிறகு தெரிந்தது.

முதல் மூன்று நாள் நான் வான் ஓடினேன். கையால் கியர் போடும் வான். மகளுக்கு அது அரைகுறை, மருமகனுக்குச் சுத்தமாகத் தெரியாது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அவர்கள் இரண்டு பேரும் வாடகைச் சைக்கிளில் புறப்படுவார்கள். நானும் மனைவியும் றோட்டால் போய் மாலையில் அடுத்த ஊரில் சந்திப்போம். இடையில் நாங்கள் இடம் பார்க்க வேண்டுமாம். தேவாலயம் பார்த்தோம், கோட்டை பார்த்தோம். மனைவி ஒவ்வொரு மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்தினாள். நான் சுவரைப் பார்த்தேன். அறுநூறு வருடச் சுவர் அடியில் ஈரம் குடித்துக் கறுத்துப்போய் இருந்தது. "இதை என்னட்டை விட்டிருந்தால்..." என்று தொடங்கினேன்.

"ஓம், ஓம், உங்களைத்தான் ராசா தேடித் திரிஞ்சவராம்," என்றாள்.

பாலங்களில் வானை நிறுத்திவிட்டுக் கால்வாயைப் பார்ப்பேன். ஒரே அளவில் நட்ட மரங்கள், நடுவே அசையாத பச்சைத் தண்ணீர், அக்கரையில் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை மாடுகள். பல்லுப் போன கிழவர்களும் கூடையில் நாயை வைத்துக்கொண்ட கிழவிகளும் சைக்கிளில் போவார்கள். எனக்கு ஸ்ரியரிங்கைப் பிடித்திருக்கும் கை அரிக்கும். இறங்குவேன், ஏறுவேன், ரயரை உதைத்துப் பார்ப்பேன். "ஒரு இடத்திலை இருக்க மாட்டியளோ?" என்று மனைவி கத்துவாள். இருக்க முடிந்தால் நான் இவ்வளவும் கட்டியிருப்பேனா?

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. மத்தியானம் அவர்கள் ஒரு சிற்றூருக்குப் பசியோடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பேக்கரி பூட்டு, கடை பூட்டு, கோப்பிக் கடையும் பூட்டு. அந்த நாட்டில் மத்தியானம் உலகமே மூடிவிடும், திங்களென்றால் திறப்பதே இல்லை. இரண்டு வாழைப்பழத்தோடு மாலைவரை ஓடி வந்தார்கள். மகளின் முகம் வாடிப்போயிருந்தது.

என் பிள்ளையைப் பட்டினி போட நான் இவ்வளவு தூரம் வரவில்லை. மறுநாள் விடியவே எழும்பி, தங்கியிருந்த வீட்டுக் குசினியில் மனைவியைச் சோறு ஆக்கச் சொன்னேன். பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், கோழிக்கறி. அடுக்குச் சட்டியில் எல்லாம் இறங்கியது. மருமகனின் சைக்கிளில் கரியர் இல்லை. மகளின் சைக்கிளில் இருந்தது. அதில் அடுக்குச் சட்டியை வைத்தேன். ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கான் இரண்டைப் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன். மேலே பாய், தட்டுகள், சந்தையில் வாங்கிய பெரிய முலாம்பழம் இரண்டு. ஒரு பழைய ரியூபை நீளமாகக் கீறி எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டினேன். ஊரில் சண்டை நடந்து பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிளை இப்படித்தான் கட்டினோம். சாவகச்சேரிச் சந்தையிலிருந்து இரண்டு மூட்டை வெங்காயத்தை ஒரே மிதியில் கொண்டுவந்தவன் நான்.

மருமகன் கரியரில் குனிந்து எதையோ வாசித்தார். "மாமா, இதுல இருபத்தஞ்சு கிலோதான் வைக்கலாம்னு போட்டிருக்குங்க."

"எழுதினவன் வெங்காயம் கட்டினவனோ தம்பி?"

"அப்பா, இது சைக்கிள். லொறியில்லை," என்றாள் மகள். ஆனாலும் ஏறினாள். பின்சில்லு கொஞ்சம் அமர்ந்தது. நான் கவனித்தேன். கவனித்தும் கட்டை அவிழ்க்கவில்லை.

பதினொன்றரை மணிக்கு நானும் மனைவியும் ஒரு பழைய மடத்தில் நின்றபோது அழைப்பு வந்தது. "அப்பா, சில்லு உடைஞ்சு போச்சு."

மதகடியில் நிற்கிறார்கள், வான் வரக்கூடிய இடம். மனைவி மெழுகுதிரியைக் கொளுத்தியும் கொளுத்தாமலும் ஓடி வந்தாள். நான் அந்த ஒடுங்கிய றோட்டில் பறந்தேன்.

மரவேர் ஒன்று பாதையை முட்டி எழும்பியிருந்த இடத்தில், பாரத்தோடு பின்சில்லு குத்தியிருக்கிறது. ஸ்போக் கம்பி இரண்டு முறிந்து, ரிம் நெளிந்து, ரயர் சட்டத்தோடு உரஞ்சியது. மருமகன் தன் பைக்குள் இருந்த பளபளக்கும் ஆயுதங்களை எல்லாம் புல்லில் பரப்பி வைத்திருந்தார். எதற்கு எது என்று அவருக்கே தெரியவில்லை. சைக்கிளை வாடகைக்குத் தந்தவனுக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவனும் மத்தியானச் சாப்பாட்டில்.

மதகுக்காரி ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். பக்கத்துச் சின்ன வீட்டு வாசலில் சாப்பாட்டு மேசை போட்டு இருந்தாள். ஒரு மணி வரை மதகு திறக்காது என்று கையால் காட்டினாள். மகள் பிரெஞ்சில் கதைத்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கியூபெக்கா, கியூபெக்கா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். எங்கள் ஊர்ப் பிரெஞ்சு அவர்களுக்குப் பகிடி. எழும்பிப் போய்க் குறடும், தக்காளிச் செடி கட்டும் கம்பியும் கொண்டுவந்து தந்தாள்.

பாரத்தை அவிழ்த்து, சைக்கிளைக் கவிழ்த்து இருக்கையில் நிறுத்தினேன். மருமகனின் ஆயுதங்களுக்குள் கம்பி முறுக்கும் சாவி கிடந்தது. முறிந்த இரண்டையும் கழற்றினேன். ஒரு தடியை வெட்டித் தக்காளிக் கம்பியால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, நுனி ரிம்மைத் தொட்டும் தொடாத மாதிரி வைத்தேன். சில்லைச் சுற்றும்போது நெளிந்த இடம் தடியில் கிறீச்சென்று தட்டும். தட்டும் இடத்தில் ஒரு பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்கி, மறுபக்கத்தைக் கால் திருகு தளர்த்த வேண்டும். திரும்பச் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் ரிம் எட்டுப் போல முறுகிவிடும். வேறு எதற்கும் பொறுமையில்லாத என் கைக்கு இதற்கு மட்டும் பொறுமை உண்டு. முக்கால் மணி நேரம் பிடித்தது. கடைசியில் தடி தட்டவில்லை.

"எப்படிங்க மாமா!" என்றார் மருமகன். அந்தச் சொல்லை அவர் மறுக்கமாட்டார்.

பிறகு பாயை விரித்துச் சாப்பிட்டோம். மதகுக்காரியும் வந்து இருந்தாள். கோழிக்கறியில் ஒரு வாய் வைத்துவிட்டு முகமெல்லாம் சிவந்து, தன் வைன் கிளாசைக் காலி செய்து, திரும்பவும் தட்டை நீட்டினாள். மனைவிக்கு அன்று முழுக்க அதே பெருமை.

சாப்பிட்டு எழும்பியதும் சைக்கிளை நிமிர்த்தினேன். "பூட்டின ஆள் ஒருக்கா ஓடிப் பார்க்கோணும். இல்லாட்டில் பிள்ளையை ஏத்தேலாது."

"தம்பி ஓடிப் பாக்கட்டும்," என்றாள் மனைவி.

"அவருக்குச் சில்லின்ரை சத்தம் விளங்குமோ? அங்கை தெரியிற பாலம் மட்டும் போட்டு வாறன்."

உண்மையாகவே பாலம் வரைக்கும்தான் நினைத்தேன். ஏறி மிதித்தேன். சில்லு ஒரு சத்தமும் இல்லாமல் உருண்டது. இரண்டு பக்கமும் மரம், முகத்தில் காற்று, வெட்டிய புல்லின் வாசம். மூன்று நாளாக ஸ்ரியரிங்கில் அரித்த கை அப்போதுதான் அடங்கியது. பாலம் வந்தது. திரும்ப வேண்டிய இடம் அது. கால் திரும்பவில்லை.

பின்னால் மகளின் குரல் கேட்டது. "அப்பா! அப்...பா!" அதற்குப் பிறகு மரங்கள்தான்.

கொஞ்ச நேரத்தில் மருமகன் வந்து பிடித்துவிட்டார். அவருடைய சைக்கிள் காற்று மாதிரி, பிடிக்காமல் விடுமா? பக்கத்தில் வந்து மூச்சு வாங்கினார். "மாமா, எல்லாரும் பயந்துட்டாங்க. திரும்பிடலாங்க."

"இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?"

"நைட் தங்குற ஊருக்கா? ஒரு பதினஞ்சு இருக்குங்க."

"அதை இண்டைக்கு ஆரோ ஓடத்தானே வேணும்?"

அவர் யோசித்தார். கைப்பேசியை எடுத்து மகளுக்கு ஏதோ மெதுவாகச் சொன்னார். பிறகு எனக்குப் பின்னால் போய்விட்டார். கடைசிவரை என்னை முந்தவில்லை. வேண்டுமென்றே பின்னால் வந்தார் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். இருக்கலாம். நானும் வழி விடவில்லை.

முதல் மூன்று மதகின் ஏற்றத்தையும் இருக்கையில் இருந்தபடியே ஏறினேன். நாலாவதில் எழும்பி மிதித்தேன். ஐந்தாவதில் ஒரு படகு தண்ணீர் நிரம்பக் காத்திருந்தது. அங்கே நின்ற மதகுக்காரன் கதவு திறக்கும் இரும்புச் சக்கரத்தோடு மல்லுக்கட்டினான். சைக்கிளைச் சாத்திவிட்டுப் போய் நானும் பிடித்துச் சுற்றினேன். படகில் வந்த வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். தரை ஈரமாக இருந்தது. கவனம், ஈரம் என்று பிரெஞ்சில் அவனுக்குச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்லலாம்.

ஏழாவது மதகின் ஏற்றத்தில் பாதியில் மூச்சு முட்டியது. தொடையும் இழுத்தது. வலது கை தானாக நெஞ்சுக்குப் போய்விட்டது. ஒரு கணம்தான், எடுத்துவிட்டேன். பின்னால் வருகிறவர் கண்டிருப்பார் என்று தெரியும்.

"மாமா," என்றார். "எனக்குக் கால் வலிக்குதுங்க. அஞ்சு நிமிஷம் உட்காரலாமா?"

அவருக்குக் கால் வலிக்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாதது போலப் புல்லில் இருந்தேன். "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு உடம்பு ஏலாது," என்றேன். "ஆமாங்க மாமா," என்றார். தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். ஐந்து நிமிடம் இருபது நிமிடமாகியது. மூச்சு தன் இடத்துக்கு வந்தது. வலி எதுவும் இல்லை என்று மூன்று தரம் உள்ளே தேடிப் பார்த்துக்கொண்டு எழும்பினேன். டொக்ரரைக் கேட்காமல் செய்தது பிழைதான். அது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாலத்திலும் வான் நின்றது. அரைகுறைக் கியரோடு மகள் ஓடிக்கொண்டு வந்திருக்கிறாள். விளக்குகள் மினுங்க வானை ஓரம் கட்டி, பாலத்துச் சுவரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கை காட்டமாட்டாள். நான் கீழே கடந்ததும் ஓடிப்போய் ஏறி அடுத்த பாலத்துக்குப் போவாள். ஒரு பாலத்தில் மட்டும் குரல் வந்தது: "மெல்ல வாங்கோ அப்பா. ஒவ்வொரு மதகிலையும் நிண்டு வாங்கோ." மனைவி வானுக்குள்ளேயே குனிந்திருந்தாள். மாதாவையும் பிள்ளையாரையும் சேர்த்துக் கூப்பிட்டாளாம்.

ஐந்தரை மணிக்கு ஊர் வந்தது. தேவாலயக் கோபுரத்தடியில் நான் இறங்கினேன். சில்லைக் கையால் தூக்கிச் சுற்றிக் காட்டினேன். நேர்கோடாக ஓடியது. மகள் வந்து என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை வானின் சாவி என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். மகளின் சைக்கிள் கைப்பிடியில் தூரம் அளக்கும் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. யார் மிதித்தாலும் அது எண்ணும். காலையில் அவள் ஓடிய இருபத்தைந்தோடு மாலையில் நான் ஓடிய பதினாறையும் கூட்டி நாற்பத்தொன்று என்று காட்டிவிட்டது. அந்த இலக்கத்தை அவள் அப்படியே தன் பெயருக்கு நேரே அச்சடித்துவிட்டாள். நான் வானில் வந்தேனாம். வானை ஓடியதே அவள்!

மகள் லொங்குய்யில் இருக்கிறாள். அவள் ஞாயிற்றுக்கிழமை வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்து, மெட்ரோ மாறி, ஆற்றைக் கடந்து போனேன். இரண்டு மணி நேரப் பயணம். கார் ஓடும் மனநிலையில் இல்லை.

"பிள்ளை, நாலாம் நாளைத் திருத்து," என்றேன் கதவடியிலேயே.

"உள்ளுக்கு வாங்கோ அப்பா. சப்பாத்தைக் கழட்டுங்கோ."

"நாற்பத்தொண்டு ஆரின்ரை?"

அவள் கதிரையில் இருந்தாள். "உங்கடை படம் ஒண்டும் இல்லையப்பா. இவர் எடுக்கேல்லை."

"படம் இல்லாட்டில் நடக்கேல்லையோ? நான் முதல் சைக்கிள் பூட்டினதுக்கும் படமில்லை."

"சரி, எழுதுறன். நீங்கள் ஓடினதை எழுதினால் ஏன் ஓடினீங்கள் எண்டு எழுதோணும். சில்லு ஏன் உடைஞ்சது எண்டும் எழுதோணும். புத்தகத்தை எல்லாரும் பாக்கினம். இவரின்ரை அம்மா கோயம்புத்தூரிலை இருந்து படத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாக்கிறா. உங்கடை மூட்டையாலை முறிஞ்சது, டொக்ரரைக் கேளாமல் ஓடினீங்கள் எண்டு நான் எழுதோணுமே?" குரல் ஏறியது. "பாலம் பாலமா நான் என்னெண்டு நிண்டனான் எண்டு தெரியுமோ? அடுத்த பாலத்திலை வராமல் விட்டால் எண்டு... அதையும் எழுதட்டோ?"

நான் சப்பாத்தோடு நின்றேன். என்னை மறைத்தாள் என்றுதான் இரண்டு மணி நேரமும் நினைத்து வந்தேன். என் பிழையைத்தான் மறைத்திருக்கிறாள். மருமகன் உள்ளறை வாசலில் நின்று தரையைப் பார்த்தார்.

அன்றைக்குச் சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பிவிட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை. பின்வளவுத் தளத்தில் ஏறி நடந்தேன். பேஸ்மன்ட்டுக்குள் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். அந்தக் கொங்கிறீற்றிலும் முதல் வார்ப்பு வெடித்தது. நான்தான் கலவையில் தண்ணீரை அதிகம் விட்டேன். உடைத்துவிட்டு இரண்டாவதாகப் போட்டதுதான் இப்போது நிற்கிறது. நகரசபை ஆளுக்கு அதை நான் சொல்லவில்லை. ஆனால் முதலாவதைப் போட்டவனும் நான்தானே. அதை வேறு ஒருவன் போட்டான் என்று யாராவது சொன்னால் விடுவேனா?

ஆகவே இதை எழுதுகிறேன். கணினியில் திருத்தி மறுபடியும் அச்சடிக்கலாம் என்று மருமகன் சொல்லியிருக்கிறார். என் மகள் நாலாம் நாளை இப்படித் திருத்த வேண்டும். காலை இருபத்தைந்து கிலோமீற்றர், மகள். மாலை பதினாறு கிலோமீற்றர், அப்பா. சில்லை முறித்தது அப்பாவின் பாரம். அதை நிமிர்த்தியது அப்பாவின் கை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடட்டும், ஒன்றை விட்டு ஒன்று வேண்டாம். வானை ஓடியது மகள். எத்தனை பாலத்தில் நின்றாள் என்று அவளுக்குத்தான் தெரியும், அந்தக் கணக்கையும் போடட்டும். மருமகனுக்குக் கால் வலித்தது என்றும் எழுதலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. சம்பந்தி அம்மா கோயம்புத்தூரிலிருந்து எவ்வளவு பெருப்பித்துப் பார்த்தாலும் பார்க்கட்டும்.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் தமிழில் எழுத வேண்டும். என் பெயர் சரியான இடத்தில் இருக்கிறதா என்று நானே வாசித்துப் பார்க்க வேண்டும்.